முட்டி போடும் காட்சி

நவம்பர் 1, வெள்ளி

புதுப் பெட்டிகள் வந்தன. எல்லாம் சீட்டு விளையாட்டுகள். லூர்து அண்ணன் பிளேடால் நாடாவைக் கிழித்தார். உள்ளே இருந்த கட்டு ஒன்றை எடுத்து முதலில் முகர்ந்து பார்த்தார். இந்தக் கடைக்கு வருகிற எல்லாரும் இதைச் செய்கிறார்கள். நானும் செய்கிறேன், யாரும் பார்க்காதபோது.

பெரம்பூரில் ரயில்வே ஆட்கள் நிறைய. அவர்களை நம்பி, பொம்மை ரயில்களும் குட்டித் தண்டவாளங்களும் விற்க அண்ணன் ஆரம்பித்த கடை இது. இப்போது ரயில்கள் மேல் அடுக்கில் தூசியோடு நிற்கின்றன. கீழே எல்லாம் சீட்டும் பகடையும். புது விளையாட்டுகளின் விதிகளைப் படித்து, வருகிறவர்களுக்குத் தமிழில் சொல்லித்தருவது என் வேலை. ஞாயிறு மதியம் பின்னறையில் கதை விளையாட்டு நடத்துவதும்.

இந்த மாதம் 28ஆம் தேதி பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். துறைக் குழுவின் முன் நின்று, வருந்துகிறேன் என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சொன்னால் என் ஆய்வுப் பதிவு திரும்பக் கிடைக்கும். சொல்லாவிட்டால் ரத்து.

சொல்லிவிடுவேன். முடிவெடுத்தாகிவிட்டது. இதைப் பற்றி மேலும் எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 2, சனி

நாள் முழுவதும் சீட்டுகளுக்கு உறை போட்டேன். ஒவ்வொரு சீட்டையும் மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் நுழைக்க வேண்டும். மூலை மடங்கக் கூடாது. கை வேலை செய்கிறது, தலை சும்மா இருக்கிறது. தலை சும்மா இருப்பது நல்லதல்ல.

மாலையில் ஒருவர் வந்தார்.

"ரம்மி கட்டு இருக்காம்மா?"

"இல்லைங்க. மேகம் சேர்க்குற சீட்டு இருக்கு. பேசாம விளையாடுற சீட்டு இருக்கு. பொய் சொல்லி ஜெயிக்கிற சீட்டு இருக்கு."

"காசு வெச்சு ஆடலாமா?"

"ஆட முடியாது."

"அப்புறம் எதுக்கு ஆடணும்?"

உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். கட்டுகளை எடுத்து அவர் முன் வரிசையாக வைத்தேன். பொய் சொல்கிற சீட்டை வாங்கிக்கொண்டு போனார்.

நவம்பர் 3, ஞாயிறு

கதை விளையாட்டு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு பாத்திரம். என்ன நடக்கிறது என்று நான் சொல்வேன். அதற்கு என்ன செய்கிறீர்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். முடியுமா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டுவோம். யாரும் ஜெயிப்பதில்லை. எங்கள் மேசையில் கூடுதலாக ஒரு விதி உண்டு: வாயிலிருந்து வந்துவிட்டால் வந்ததுதான். சும்மா சொன்னேன் என்பது செல்லாது.

இன்று புதுக் கதை. நானே எழுதியது. மழை பொய்த்த ஊர். மலைமேல் ஓர் ஏரி. மதகுக்குப் பூட்டு. சாவி ராஜாவிடம். ஆடுகிற மூவரும் போய்ச் சாவியை வாங்கிவர வேண்டும்.

கோதண்டம் சார் பள்ளியில் பி.டி. மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமையும் கழுத்தில் விசில் தொங்கும். அவர் ஆடுவது நாகம்மா, பாம்பு பிடிக்கிறவள். அதற்காகக் குரலை மாற்றுவதெல்லாம் இல்லை. அதே மைதானத்துக் குரல். ஜரீனா அக்கா பிசியோதெரபிஸ்ட். அவர் பாத்திரம் சுண்டெலி என்ற திருடி. யுகேந்திரனுக்கு நாள் முழுக்கப் போனில் யார் யாரிடமோ பேசுகிற வேலை. அதனால் அவன் கேட்டு வாங்கிக்கொண்ட பாத்திரம் கல்லன். கல்லால் ஆனவன். பேசமாட்டான்.

"டைரக்டரம்மா, நாகம்மா கெணத்துல எட்டிப் பாக்குறா. பாம்பு இருக்கா?" கோதண்டம் சார் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

"உருட்டுங்க சார்."

மூன்று விழுந்தது.

"பாம்பு இல்ல. ஒரு செருப்பு கெடக்கு."

"ஒத்தச் செருப்பா, ஜோடியா?" என்றார் ஜரீனா அக்கா.

"ஒத்த."

"ஆம்பள செருப்பா, பொம்பள செருப்பா?"

எனக்கு எப்படித் தெரியும். சும்மா சொன்ன செருப்பு. அந்தச் செருப்புக்காரனைத் தேடியே மதியம் போயிற்று. ஊரைவிட்டே கிளம்பவில்லை. கடையை மூடும்போது லூர்து அண்ணன் கேட்டார், "யாருதாம்மா அது?" அவரும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

நவம்பர் 5, செவ்வாய்

அம்மா பேசினாள், சிதம்பரத்திலிருந்து. அங்கன்வாடியில் குழந்தைகள் தூங்குகிற நேரம். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"ஒரு வார்த்த தானடி தில்லை. நான் சூப்பர்வைசரம்மா கிட்ட வாராவாரம் சொல்றேன், தப்புத்தாங்க, மன்னிச்சுக்குங்கன்னு. வாய் என்ன கரைஞ்சா போச்சு?"

"சொல்லிடுவேம்மா."

"உன் சொல்லிடுவேன் எனக்குத் தெரியாதா?"

"இல்லம்மா, நெஜமாவே."

"உங்க சாரு கால்ல விழச் சொன்னாங்களா?"

"இல்ல."

"அப்ப என்ன. நின்னுக்கிட்டே சொல்றதுக்கு என்ன வலிக்குது?"

நின்றுகொண்டே என்பதை நான் யோசித்திருக்கவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமைக்கான காட்சியை எழுதிவிட்டேன். ராஜசபை. எளிமையான காட்சி. சண்டை கிடையாது, பகடைகூடத் தேவையில்லை. சபை வழக்கப்படி மூவரும் முட்டி போடுகிறார்கள். ராஜா சாவியைத் தருகிறார்.

முட்டி போட்ட பிறகு ராஜா எவ்வளவு பெருந்தன்மையாக நடந்துகொள்கிறார் என்பதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். எழுந்திருக்கச் சொல்கிறார். மோர் கொடுக்கச் சொல்கிறார். இதற்கா இவ்வளவு தயங்கினீர்கள் என்று சிரிக்கிறார். அவர்களுக்கும் சிரிப்பு வருகிறது. முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டால் போகிறது.

நன்றாக வந்திருக்கிறது.

நவம்பர் 10, ஞாயிறு

நன்றாக வரவில்லை.

சபைக்கு வந்துவிட்டார்கள். ராஜா நுழைகிறார், அமர்கிறார், மூவரையும் பார்க்கிறார். நான் சொல்லிக்கொண்டிருந்தேன்: "கண்ணாடிய கழட்டி, வாயால ஊதி, துண்டு நுனியால தொடைக்கிறாரு."

"யக்கா, ராஜா காலத்துல ஏது கண்ணாடி?" என்றான் யுகேந்திரன்.

தவறு. திருத்தினேன். "கண்ணாடி இல்ல, கிரீடம். கிரீடத்த கழட்டித் தொடைக்கிறாரு."

"கிரீடத்த எதுக்கு ஊதணும்?" என்றார் ஜரீனா அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு வாயிற்காப்போன் உத்தரவிடுகிறான்: முட்டி போடுங்கள்.

"நாகம்மா நிக்கிறா," என்றார் கோதண்டம் சார்.

"சபை வழக்கம் சார். எல்லாரும் போடுவாங்க."

"போடட்டும். நாகம்மா நிக்கிறா."

"சுண்டெலியும் நிக்கிறா," என்றார் ஜரீனா அக்கா. "எங்கிட்ட வர்ற பேஷண்ட்ல பாதிப் பேரு முட்டி தேஞ்சுதான் வர்றாங்க. கதையிலயும் நான் போடணுமா?"

யுகேந்திரன் கையைத் தூக்கினான். "கல்லனுக்கு முட்டியே கெடையாது. மொத்தமா ஒரே கல்லு."

கதை நடத்துகிறவர்கள் ஒருபோதும் செய்யக் கூடாத காரியம் ஒன்று உண்டு. எதைச் செய்தால் எது கிடைக்கும் என்று உளறுவது. உளறினேன்.

"போட்டா சாவி கெடைக்கும் சார்."

கோதண்டம் சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப கண்டிப்பா போட மாட்டேன்."

"ஏன் சார்?"

"அந்த ஏரிய வெட்டுனது யாரு? ராஜாவா மம்முட்டி புடிச்சாரு? ஊர்ச்சனம் வெட்டுனது. எங்க ஏரிக்கு எங்க முட்டியா?"

ஏரியை வெட்டியது யார் என்று நான் எழுதியிருக்கவில்லை. ஆனால் வாயிலிருந்து வந்துவிட்டால் வந்ததுதான். இனி இந்தக் கதையில் அது ஊர்க்காரர்கள் வெட்டிய ஏரி. என்னாலும் மாற்ற முடியாது.

"சரி தில்லை, மூணு பேரும் நிக்கிறோம். ராஜா என்ன பண்றாரு?" என்றார் ஜரீனா அக்கா.

தாளைப் புரட்டினேன். மோர்தான் இருந்தது.

"அடுத்த வாரம்," என்றேன்.

கதைக்கு ஒரே ஒரு வாசல் வைத்து எழுதுவது முதல்முறை நடத்துகிறவர்கள் செய்கிற பிழை. நான் எட்டு மாதமாக நடத்துகிறேன்.

நவம்பர் 11, திங்கள்

ராஜா என்ன செய்வார்?

மழை. கடைக்கு யாரும் வரவில்லை.

நவம்பர் 13, புதன்

சிறையில் அடைப்பார் என்று எழுதினேன். அடித்துவிட்டேன். சிறையில் அடைத்தால் அவர்கள் தப்பிப்பார்கள், பாட்டுப் பாடுவார்கள், ஜரீனா அக்கா பூட்டைத் திறப்பார். அது கொண்டாட்டம்.

தலையை வெட்டுவார் என்று எழுதினேன். அது அவர்களை மிகவும் பெரியவர்களாக்கிவிடும்.

மனம் திருந்துவார் என்று எழுதினேன். கிழித்தேன்.

கோபத்தில் கத்துவார்? இவர் கத்துகிற ஆள் இல்லை. எப்படித் தெரியும் என்றால், தெரியும். நான் எழுதிய ராஜா.

நவம்பர் 15, வெள்ளி

இதையும் எழுதிவிடுகிறேன், ஒரே ஒரு முறை.

பிப்ரவரியில் துறையில் கருத்தரங்கு. வெளியூர் விருந்தினர்கள், சால்வைகள், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். என் நெறியாளர் கட்டுரை வாசித்தார். தலைப்பு அவருடையது. தொடக்கமும் அவருடையது. பிறகு வந்தது எல்லாம் என்னுடையது. பஞ்ச காலத்தில் ஊர் ஊராகப் பரவிய வதந்திகளைப் பற்றி நான் எழுதி, திருத்தித் தரச் சொல்லி அவரிடம் கொடுத்திருந்த அத்தியாயம். ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. திருத்தவும் இல்லை என்று அர்த்தம்.

பக்கத்தைத் திருப்பும்போது தாள்கள் ஒட்டிக்கொண்டன. எச்சில் தொட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் எழுந்தேன்.

"அடுத்த பக்கம் நான் சொல்லட்டுமா சார்?"

சொன்னேன். மனப்பாடமாக, பக்கம் முடிகிற வரைக்கும். முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி, ஊதி, சால்வை நுனியால் துடைத்தார்.

விசாரணை நடந்தது. அத்தியாயம் யாருடையது என்பது பற்றி அல்ல. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். நான் எழுந்து நின்றது பற்றி. சபை நாகரிகம் பற்றி. என் ஆய்வுப் பதிவை நிறுத்திவைத்தார்கள். அன்றிலிருந்து பெரம்பூர்.

என்னிடம் சான்றுகள் இருக்கின்றன. யாரும் கேட்கவில்லை.

வருந்துகிறேன் என்று சொல்வதால் அத்தியாயம் அவருடையதாகிவிடாது. இது எனக்குத் தெளிவாகத் தெரியும். ஆகவே சொல்வதில் பிரச்சினை எதுவும் இல்லை.

நவம்பர் 17, ஞாயிறு

காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். மூன்று பேரும் வந்துவிட்டார்கள். பின்னறையில் உட்கார்ந்து, பேசாமல் ஆட வேண்டிய சீட்டை ஊரே கேட்கிற மாதிரிப் பேசிக்கொண்டே ஆடினார்கள். கோதண்டம் சார் சைகை காட்டக்கூட விசிலை ஊதினார்.

அரைமணிக்கொரு முறை யாராவது தலையை நீட்டி, "ராஜா என்ன பண்ணாரு?" என்று கேட்டார்கள். யுகேந்திரன் வேலை நேரத்தில்கூட அதையே யோசித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னான். ஏதோ வாடிக்கையாளர் போனில் கத்திக்கொண்டிருக்கும்போது, கல்லன் இதற்கு என்ன செய்வான் என்று நினைத்தானாம்.

"என்ன செஞ்ச?"

"ஒண்ணும் சொல்லல யக்கா. கல்லு மாதிரி இருந்தேன். அவரே டயர்டாகி வெச்சுட்டாரு."

லூர்து அண்ணன் என்னைப் பார்த்தார். "காய்ச்சல்னு சொன்ன. ரெண்டு பிளேட் பிரியாணி சாப்பிட்டுட்டு உக்காந்திருக்க."

"இது வேற காய்ச்சல்ண்ணே."

"இருபத்தெட்டுக் காய்ச்சலா?"

இங்கே அண்ணனுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். வேலைக்குச் சேரும்போது, ஏன் படிப்பை விட்டாய் என்று கேட்டார், சொன்னேன். அதன் பிறகு இன்றுதான் அதைப் பற்றிப் பேசுகிறார். பேசியதும் அவரே வெட்கப்பட்டு, ஏணியில் ஏறி ரயில்களைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

நவம்பர் 20, புதன்

துறையிலிருந்து தோழி கூப்பிட்டாள். நல்லவள். எனக்காகப் பேசுகிறாள்.

"தில்லை, மன்னிப்புங்குற வார்த்தையே வேணாமாம். வருத்தம்னா போதுமாம். சத்தமாக்கூட சொல்ல வேணாம், எழுந்து நின்னு உதட்ட அசைச்சா நாங்க எடுத்துக்குறோம்னு சொல்றாங்க. அவரு ரொம்பப் பெரிய மனசோட இருக்காருடி."

"மோர் குடுப்பாரா?"

"என்னது?"

"ஒண்ணுமில்ல."

உறை போட்டுக்கொண்டே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். ஒரு சீட்டு, ஒரு முறை. அன்று அவையில் நான் நடந்துகொண்ட விதத்துக்கு வருந்துகிறேன். அன்று அவையில் நான் நடந்துகொண்ட விதத்துக்கு வருந்துகிறேன். கட்டு முடிந்ததும் பார்த்தால் பாதிச் சீட்டுகள் தலைகீழாக உறைக்குள் இருந்தன. எல்லாவற்றையும் உருவி மறுபடியும் போட்டேன்.

நவம்பர் 24, ஞாயிறு

காவலர்களை வரவழைத்தேன். ராஜா கையசைக்கிறார், எட்டுப் பேர் ஈட்டியோடு வருகிறார்கள், தோளைப் பிடித்து அழுத்துகிறார்கள்.

"உருட்டுங்க சார்."

கோதண்டம் சாருக்கு ஒன்று விழுந்தது. இருபது முகப் பகடையில் அதைவிடக் கீழே இல்லை.

"நாகம்மா முட்டி தரையில படுது," என்றேன். வேகமாகச் சொல்லிவிட்டேன்.

"ஒடம்பு விழுந்துச்சு. சரி. நாகம்மா போடல, அவ விழுந்தா. அப்படித்தான் சொல்லணும்."

"என்ன சார் வித்தியாசம்?"

"என்னம்மா இப்படிக் கேக்குற? நான் எத்தன பசங்கள முட்டி போட வெச்சிருக்கேன் தெரியுமா? ஒரு பய மனசோட போட்டதில்ல. அது எனக்குத் தெரியும். உன் ராஜாவுக்குத் தெரியுமா?"

நாகம்மா எழுந்து நிற்கிறாள் என்றார். மறுபடி அழுத்தினேன். மறுபடி எழுந்தாள். சுண்டெலி காவலன் இடுப்பிலிருந்து கத்தியை உருவி, உருவியதைக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். கல்லனை நான்கு பேர் தள்ளியும் அசைக்க முடியவில்லை. சாதாரணமாக இது மிக நல்ல ஆட்டம். அவர்கள் மகிழ்ச்சியாக இருந்தார்கள். நான் கத்தினேன்.

"ஏன் இப்படி அடம் புடிக்கிறீங்க? ஒரு நிமிஷம்! போட்டுட்டு எழுந்தா தண்ணி வரும்! ஊர்ல கொழந்தைங்க சாகுது!"

யுகேந்திரன் பகடையைக் கையில் மூடி வைத்துக்கொண்டான்.

ஜரீனா அக்கா மெதுவாகக் கேட்டார், "நீ ஏன் தில்லை எங்கள முட்டி போட வெக்கிறதுல இவ்ளோ குறியா இருக்க?"

தாள்களை எடுத்து வைத்தேன். பகடைகளைப் பைக்குள் போட்டேன். இன்று இவ்வளவுதான் என்றேன். யாரும் மறுப்புச் சொல்லவில்லை, அதுவும் பிடிக்கவில்லை.

ஜரீனா அக்கா வாசல் வரை வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"யாரு அந்தக் கண்ணாடிக்காரன்?"

"கிரீடம்," என்றேன்.

நவம்பர் 25, திங்கள்

ராஜா அவர் இல்லை. ராஜா ஒரு பாத்திரம்.

நவம்பர் 26, செவ்வாய்

புடவையை இஸ்திரிக்குக் கொடுத்தேன். வாக்கியம் தடங்கலின்றி வருகிறது.

நவம்பர் 27, புதன்

நாளை. சொல்லிவிடுவேன்.

அம்மாவிடமும் சொன்னேன். "நல்ல புள்ள," என்றாள். குரலில் மகிழ்ச்சி இல்லை. இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

நவம்பர் 28, வியாழன்

நீள மேசை. ஐந்து பேர். தேநீரும் மிக்சரும். துறைத் தலைவி மிக்சரில் கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தார். நெறியாளர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். எனக்கு அவரைப் பார்த்து இரக்கம்கூட வந்தது, அதை எழுதிவிட வேண்டும்.

"சொல்லும்மா. சீக்கிரம் முடிச்சுடலாம்," என்றார் தலைவி.

வாக்கியம் தயாராக இருந்தது. நாக்கின் மேல் இருந்தது. சொல்லத் தடை எதுவும் இல்லை, அதுதான் விசித்திரம். கதவு திறந்தே இருந்த மாதிரி, நான்தான் உள்ளே போகவில்லை. முட்டி இரண்டையும் விறைப்பாக வைத்துக்கொண்டேன். புடவைக்குள் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

"சொல்ல மாட்டேன்," என்றேன்.

"என்னம்மா?"

"அது என் அத்தியாயம். அன்னைக்குச் சொன்னத இன்னைக்கும் சொல்றேன். எழுந்து நின்னதுக்கு எனக்கு வருத்தம் இல்ல. உக்காந்தே இருந்திருந்தாத்தான் வருத்தமா இருந்திருக்கும்."

நன்றாக ஒன்றும் சொல்லவில்லை. கடைசி வார்த்தை யாருக்கும் கேட்டிருக்காது.

பிறகு காத்திருந்தேன். இடி விழும் என்று. யாராவது மேசையைத் தட்டுவார்கள் என்று, வெளியே போ என்பார்கள் என்று, அவர் எழுந்து ஏதாவது சொல்வார் என்று. பிப்ரவரியிலிருந்து நான் பயந்துகொண்டிருந்தது அந்த நொடிக்குத்தான்.

தலைவி பக்கத்திலிருந்தவரிடம் திரும்பினார். "சரி, குறிச்சுக்குங்க. அடுத்தது என்ன?"

அடுத்தது வாசிப்பறைக் கூரை ஒழுகுவது. இரண்டு வருஷமாக ஒழுகுகிறதாம். பொதுப்பணித் துறைக்கு எழுதலாமா, தாங்களே ஆள் வைத்துப் பார்க்கலாமா என்று பேச ஆரம்பித்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி ஊதித் துடைத்தார். தார் பூசினால் போதும் என்றார். அவர் குரல் எப்போதும் போல இருந்தது.

நான் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "நீங்க போகலாமே," என்றார். கனிவாகத்தான் சொன்னார்.

நவம்பர் 29, வெள்ளி

பதிவு ரத்து. மின்னஞ்சலில் வந்தது. நான்கு வருஷ உழைப்பு.

காலையிலிருந்து எதுவும் செய்யவில்லை. அழுதேன், நீளமாக, சலிப்பு வரும் வரை. சரியானதைச் செய்துவிட்ட நிம்மதி என்று ஏதோ வரும் என்பார்களே, அது வரவில்லை. பசி வந்தது.

அம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. திட்டினாள். புத்தி கெட்டவள் என்றாள். பிறகு,

"நீ மாட்டேன்னப்ப அந்தாளு மூஞ்சி எப்படிடி இருந்துச்சு?" என்றாள்.

"கண்ணாடியத் தொடைச்சாரும்மா."

"தொடைக்கட்டும். நல்லாத் தொடைக்கட்டும்." பின்னால் ஒரு குழந்தை எழுந்து அழுதது. "உன் எழுத்தெல்லாம் அங்க இருந்தா ஒண்ணு விடாம எடுத்துட்டு வந்துடு. ஒரு தாளுகூட அங்க இருக்கக் கூடாது," என்று வைத்துவிட்டாள்.

டிசம்பர் 1, ஞாயிறு

மூன்று பேரும் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். போன வாரம் நான் கத்தியதைப் பற்றி யாரும் பேசவில்லை. மேசை நடுவில் ஜரீனா அக்கா வாழைக்காய் பஜ்ஜி வைத்திருந்தார். கோதண்டம் சார் எண்ணெய்க் கையால் சீட்டைத் தொடாதே என்று யுகேந்திரனை விரட்டிக்கொண்டிருந்தார். லூர்து அண்ணன் வெளியே கல்லாவில் உட்காராமல், ஸ்டூலை இழுத்துப் பின்னறை வாசலில் போட்டுக்கொண்டார்.

தாள் எதுவும் கொண்டுவரவில்லை. பகடைகளை மட்டும் கொட்டினேன்.

"சரி டைரக்டரம்மா. மூணு பேரும் நிக்கிறோம்," என்றார் கோதண்டம் சார். "ராஜா என்ன பண்றாரு?"

"ஒண்ணும் பண்ணல சார். அடுத்த மனுவக் கூப்பிடுறாரு."

ஒரு பகடையை ஓரமாக நகர்த்தினேன்.

"யாரோட மாடோ காணாமப் போச்சாம். அத விசாரிக்கிறாரு. காவலாளிங்க ஈட்டியக் கீழ வெச்சுட்டாங்க. நீங்க இன்னும் அங்கயே நிக்கிறீங்க. உங்கள யாரும் பாக்கல."

"அவ்ளோதானா?" என்றான் யுகேந்திரன். "யக்கா, மூணு வாரமா இதையே நெனச்சுட்டு இருக்கேன். தண்டனை இல்லையா?"

"இதான்."

"சாவி?" என்றார் ஜரீனா அக்கா.

"கெடைக்காது."

"அப்புறமா வந்து கேட்டா?"

"அந்தக் கையிலேர்ந்து எப்பவும் கெடைக்காது."

ஜரீனா அக்கா என்னைப் பார்த்தார். பிறகு பஜ்ஜித் தட்டை என் பக்கம் தள்ளினார்.

கோதண்டம் சார் விசிலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "மாடா? எங்கள விட மாடு முக்கியமா போச்சா?" என்று முணுமுணுத்தார். அவமானப்பட்டவர் மாதிரி இருந்தார். "ஒரு அடியாவது அடிச்சிருக்கலாம்."

அப்போது யுகேந்திரன் தொண்டையைச் செருமினான். குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்தான். இதுவரை நாங்கள் கேட்டிராத குரல்.

"கல்லன் பேசுறான்," என்றான். "ஏரி நாம வெட்டுனது. கரை நாம போட்டது. மதகு எதுக்கு? சாவி எதுக்கு? ஊர்ப் பக்கமா புதுசா ஒரு வாய்க்கா வெட்டுவோம்."

"டேய்!" என்றார் கோதண்டம் சார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. எழுந்து நின்றிருந்தார்.

"குத்தமில்லையா அது?" என்றார் லூர்து அண்ணன், வாசலிலிருந்து. அவர் ஆட்டத்தில் இல்லை என்பதையே மறந்துவிட்டார்.

"குத்தம்தான். ஆனா ராஜா மாடு தேடிட்டு இருக்காருல்ல?" என்றார் ஜரீனா அக்கா. பகடையை எடுத்து உள்ளங்கையில் குலுக்கினார். "தில்லை, அந்தக் கரை எவ்ளோ கனம்?"

நான் எழுதியிருக்கவில்லை. யோசித்திருக்கவும் இல்லை.

"தெரியாதுக்கா," என்றேன். "வெட்டுங்க, பாப்போம்."